மலையேறும் ஆற்றில் விழுந்தவள்

ஜூன் 3, திங்கள்

வலது கணுக்காலில் மாவுக்கட்டு. ஆறு வாரத்துக்குக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மொட்டை மாடியில் காயப்போட்ட மிளகாய் வற்றலை மழைக்கு முன் அள்ளிவிடலாம் என்று ஓடினேன். வற்றல் ஒன்றுகூட நனையவில்லை. நான்தான் கடைசி மூன்று படிகளை விட்டுவிட்டு இறங்கியிருக்கிறேன்.

இந்த டைரி மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்தது. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்ப்பவளுக்கு வருடத்துக்குப் பத்து டைரி வரும். ஒன்றிலும் எழுதியதில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஓர் இருமல் மருந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. பரவாயில்லை, பேச்சுத் துணைக்கு ஆகும்.

ஜூன் 4, செவ்வாய்

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சமையல் இனி வீட்டுக்காரர் பொறுப்பு. மின்வாரியத்தில் ஃபோர்மேன். திண்டுக்கல்லில் பாதி ஊருக்கு விளக்கெரிய வைக்கிற மனிதர், இரண்டு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரம் வந்து நின்றார்.

"இதுல எது துவரம்பருப்பு, எது கடலைப்பருப்பு?"

சொன்னேன். சாம்பாரில் கடலைப்பருப்புதான் இருந்தது. கேட்டதற்கு, "ரெண்டும் மஞ்சளாத்தானே இருக்கு" என்றார். வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். ஆறு வாரம் இருக்கிறதே.

ஜூன் 6, வியாழன்

காரைக்குடி சோலையப்பனிடமிருந்து மின்மடல் வந்திருக்கிறது. பதினாறு வருடம் கழித்து. அவர் யார் என்று இந்த டைரிக்குச் சொல்ல வேண்டும்.

2006இல் நான் மதுரையில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கி ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். அறைத்தோழி ஜெபக்கனி, நாகர்கோவில்காரி, அதே ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இருந்தாள். தமிழில் தட்டெழுதப் பழகுவதற்காக இருவரும் இணையத்தில் ஒரு மடற்குழுவில் சேர்ந்தோம். அங்கே சோலையப்பன் பழக்கமானார். வங்கியில் வேலை, எங்களைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவர்தான், மூன்று பேரும் சேர்ந்து ஒரு மாயக்கதையை மடல் மடலாக ஆடலாமா என்று கேட்டார். ஆளுக்கொரு பாத்திரம். அவரவர் பாத்திரத்தை அவரவர்தான் பேச வைக்கலாம், நடக்க வைக்கலாம். அடுத்தவர் கை வைக்கக் கூடாது.

யாரோ மழையைத் திருடி ஒரு குடத்தில் அடைத்து மலைமேல் வைத்துவிட்ட நாடு. அதை மீட்கப் போகிறவர்கள் மூவர். சோலையப்பன், தும்பன் என்னும் அரைமந்திரவாதி. எந்த மந்திரமும் பாதிதான் தெரியும். ஜெபக்கனி, வெண்ணி என்னும் திருடி; பூட்டுகளோடு பேசித் திறக்க வைப்பாள். நான் தூதுக்காரி செம்பி. அதோடு கதையை நடத்துகிறவளும் நான்தான். காடு, ராட்சசன், புயல் எல்லாம் என் கையில்.

386 மடல்கள். அத்தனையையும் கோத்து ஒரு புத்தகமாகத் தனக்கு மட்டும் கட்டிவைத்துக்கொள்ளப் போகிறாராம் சோலையப்பன். ஓய்வு பெற்றுவிட்டார். "கதை நடுவில் நிற்கிறது பூங்கோதை அம்மணி. நடத்தியவர் நீங்கள். எப்படி முடிந்தது என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும்" என்று கேட்டிருக்கிறார். மடல்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக இணைத்திருக்கிறார்.

கடைசி வரியில், ஜெபக்கனி இரண்டு வருடம் முன்பே மஸ்கட்டிலிருந்து நாகர்கோவிலுக்குத் திரும்பிவிட்டாள் என்றும், அவளுடைய முகவரி இது என்றும் போட்டிருக்கிறார்.

ஜூன் 7, வெள்ளி

இன்று எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 9, ஞாயிறு

மடல்களைப் படிக்கத் தொடங்கினேன். முதல் நாற்பது. அநியாயத்துக்கு நன்றாக இருக்கிறது. தும்பன் பாலத்தை வரவழைக்கும் மந்திரத்தைப் பாதி சொல்கிறான், பாதிப் பாலம் வருகிறது. மீதியைத் தாண்டிக் குதிக்கிறார்கள். சிரித்த சிரிப்பில் கட்டுக்குள் கால் வலித்தது.

வெண்ணி வருகிற இடமெல்லாம் தனி வெளிச்சம். கோட்டைக் கதவின் பூட்டிடம் அவள், "ராத்திரி பகலா வாயை மூடிட்டு இருக்கியே, உனக்குத் தாடை நோகாதா?" என்று கேட்கிறாள். பூட்டு அழுதுகொண்டே திறக்கிறது. ஜெபக்கனிக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்ததோ. அறையில் இருக்கும்போது நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

நாங்கள் வைத்துக்கொண்ட இன்னொரு விதியையும் சொல்ல வேண்டும். அறைக்குள் கதையைப் பற்றிப் பேசக் கூடாது. பேசினால் எழுதும்போது சுவை போய்விடும் என்று ஜெபக்கனிதான் சொன்னாள். அடுத்தடுத்த கட்டில். அவள் எழுதியதைப் படிக்க நான் இரண்டு தெரு தள்ளியிருந்த பிரவுசிங் சென்டருக்குப் போவேன். படித்துவிட்டு வந்து, ஒன்றும் தெரியாதவள்போல, "சாப்பிட்டியா" என்று கேட்பேன். பைத்தியங்கள்.

ஜூன் 11, செவ்வாய்

வீட்டுக்காரர் ரசம் வைத்தார். பெருங்காயம் வாங்கியதன் முழுப் பலனையும் ஒரே நாளில் அனுபவித்தோம்.

துணி காயப்போடுவதில் தேர்ச்சி பெற்றுவிட்டார். மின்கம்பி இழுத்த கை, கொடியில் ஒரு சட்டைகூடக் கோணவில்லை. பாராட்டினேன். "போதும், போதும்" என்று போய்விட்டார். ஆனால் மாலைவரை விசிலடித்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 14, வெள்ளி

என் கண் எரிகிறது என்று மீதியை அவரைப் படிக்கச் சொன்னேன். மனிதருக்கு மீட்டர் படித்துத்தான் பழக்கம். ஒரே குரலில் படிக்கிறார். இருந்தாலும் ராட்சசன் வந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நடுவில் தாயக்கட்டை வந்தது. அது என்ன என்று கேட்டார். உயிருக்கு ஆபத்து வருகிற இடத்தில் எங்கள் தீர்ப்பு அதுதான். மதுரைப் புது மண்டபத்தில் வாங்கிய பித்தளைத் தாயக்கட்டை என்னிடம் இருந்தது. ஆபத்தில் மாட்டிய பாத்திரத்துக்காக நான் மூன்று தரம் உருட்டுவேன். ஒரு தரமாவது தாயம் விழுந்தால் பிழைத்தார்கள். விழாவிட்டால் போய்ச் சேர்ந்தார்கள். எண்ணை மடலில் எழுதுவேன். அதற்கு மேல் கேள்வி கிடையாது.

அந்த மடல்களைப் படிக்கச் சொன்னேன். அவை என் பெருமை. கட்டை உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது, செருப்பில் முட்டி நின்றது, குனிந்து பார்த்தால் ஒரு பக்கம் வெறுமை, ஒரு பக்கம் ஒற்றைப் புள்ளி, தாயம் என்று ஒவ்வொரு உருட்டுக்கும் பத்து வரி எழுதியிருக்கிறேன்.

அவர் விரல்விட்டு எண்ணினார்.

"இந்த வெண்ணிப் பொண்ணுக்கு மட்டும் ஏழு தடவை தாயம் விழுந்திருக்கு?"

"ஆமா."

"எங்க வீட்ல ஒரு தாயம் விழ அரை நாள் ஆகும். அங்கிட்டு மட்டும் எப்படி?"

"நல்ல கட்டை" என்றேன்.

ஜூன் 17, திங்கள்

380ஆம் மடலை நானே படித்தேன். அதை அவரிடம் கொடுக்கவில்லை.

ஜெபக்கனி எழுதியது. மேல்பாதியில் வெண்ணி ஒரு குகையின் பூட்டைத் திறக்கிறாள். கீழே, ஒரு வரி இடம் விட்டு, "நண்பர்களுக்கு ஒரு செய்தி. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை மஸ்கட்டில். அடுத்த மாதம் கிளம்ப வேண்டியிருக்கும். அங்கே இணையம் எப்படியோ தெரியாது" என்று இருக்கிறது.

நண்பர்களுக்கு. இரண்டடி தள்ளிப் படுத்திருந்தவள், எனக்கு அதைப் பிரவுசிங் சென்டரில் தெரிவித்தாள். சோலையப்பனுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில். அறைக்கு வந்தேன். "சாப்பிட்டியா" என்றேன். அவள் தலையாட்டினாள். மடலில் வந்ததை அறையில் பேசக் கூடாதே.

எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. கல்யாணம் என்றால் சந்தோஷம்தானே.

ஜூன் 18, செவ்வாய்

386ஐயும் படித்துவிட்டேன். தாயம் விழவில்லை. வெண்ணி இறந்தாள்.

ஜூன் 20, வியாழன்

சோலையப்பன் நினைவூட்டி எழுதியிருக்கிறார். புத்தகம் கட்டுகிறவர் காத்திருக்கிறாராம். ஜெபக்கனிக்கும் எழுதினாராம். "பூங்கோதை எழுதினால் நான் படிக்கிறேன்" என்று மட்டும் பதில் வந்ததாம்.

முடிவுரைக்கு ஒரு வரைவு போட்டேன். "மலையேறும் ஆற்றைக் கடக்கையில், தாயம் விழாத காரணத்தால் வெண்ணி மாண்டாள். அவளை ஆடியவர் வெளிநாடு சென்றதால் கதை தொடரவில்லை." ஆஸ்பத்திரியில் சாவுச் சான்றிதழ் எழுதுகிறவர்கூட இதைவிட மனசோடு எழுதுவார். அழித்துவிட்டேன்.

சாயங்காலம் கட்டுக்குள் அரிப்பு. பின்னல் ஊசியைவிட்டுச் சொறிந்துகொண்டிருந்தபோது பிடிபட்டேன். ஊசி பறிமுதல்.

ஜூன் 23, ஞாயிறு

வீட்டுக்காரர் நான் தூங்கும்போது மீதியையும் படித்து முடித்துவிட்டார். காலையில் காபியை வைத்தார், போகவில்லை. கட்டில் ஓரம் நின்றார்.

"ஆளைக் கொன்னுட்டியே" என்றார்.

"நான் எங்க கொன்னேன். தாயம் விழல."

"ஏழு தடவை விழுந்துச்சு. கல்யாணம்னு சொன்ன உடனே விழலையா?"

380ஐயும் படித்திருக்கிறார். காபி ஆறுகிறது என்று சொன்னேன். அவர் போய்த் தோசை ஊற்றினார். ஒன்றுகூடக் கிழியாமல் வந்தது. சாப்பிடத்தான் முடியவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

சரி. இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை, இருமல் மருந்தைத் தவிர.

அந்த ஏழு தாயத்தில் இரண்டுதான் நிஜம். மீதி ஐந்தும் நான் விழ வைத்தவை. கட்டிலுக்கு அடியில் உருண்டது, செருப்பில் முட்டியது எல்லாம் கதை. வெண்ணி போய்விட்டால் கதையில் என்ன இருக்கிறது? தாயம் விழாத நாளில் பொய்யை ஜோடித்துப் பத்து வரி எழுதுவேன். எழுதி முடிக்கும்போது எனக்கே நம்பிக்கை வந்துவிடும்.

எட்டாவது தரம், மலையேறும் ஆற்றின் கயிற்றுப் பாலம் அறுந்தபோது, ஜெபக்கனி காலை ஷிப்ட் போயிருந்தாள். அவளுடைய கட்டிலில் உட்கார்ந்து உருட்டினேன். முதல் உருட்டிலேயே தாயம். போர்வைமேல், எங்கும் ஓடாமல், கண்ணெதிரே. இரண்டாவது தரம் உருட்ட வேண்டிய அவசியமே இல்லை.

பிரவுசிங் சென்டருக்குப் போய், "தாயம் விழவில்லை. வெண்ணி இறந்தாள்" என்று எழுதினேன். அவ்வளவுதான் 386. அவளாகப் போவதற்கு முன்னால் நான் அனுப்பிவிட வேண்டும் என்று இருந்தது. இருபத்தேழு வயது எனக்கு. சின்னப் பிள்ளைகூட அப்படிச் செய்யாது.

அதற்குப்பின் யாரும் எழுதவில்லை. இரண்டு வாரத்தில் அவள் கிளம்பினாள். மாட்டுத்தாவணியில் பஸ் ஏற்றிவிட்டேன். பெட்டியைப் பற்றிப் பேசினோம். ஜன்னல் வழியாக ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். இத்தனை வருடமும், கேட்கிறவர்களிடம், "அவளுக்குக் கோபம் அதிகம், கதையில் செத்ததற்கு நிஜத்தில் பேச்சை விட்டுவிட்டாள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரிடமும் அதைத்தான் சொல்லியிருந்தேன்.

அவள் எனக்கு வேண்டும். அது அப்போதும் தெரியும். சொல்லத்தான் இல்லை.

ஜூன் 26, புதன்

ஜெபக்கனிக்கு மடல் அனுப்பிவிட்டேன். சோலையப்பனுக்கு அல்ல, அவளுக்கு மட்டும். நேற்று இங்கே எழுதியதை அப்படியே. படிக்காமல் அனுப்பினேன், படித்தால் அனுப்பமாட்டேன்.

வீட்டுக்காரரிடமும் சொன்னேன். "அப்ப அஞ்சு பொய் தாயமா?" என்று கேட்டார். அவருக்கு அதுதான் ஆறவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டார். சீப்பைப் பிடிக்கிறதுதான் ஸ்குரூடிரைவரைப் பிடிக்கிற மாதிரி இருக்கிறது. கண் சொக்கியது.

ஜூன் 28, வெள்ளி

பதில் இல்லை.

ஜூன் 30, ஞாயிறு

பதில் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. அவர் சமைக்க வேண்டியதில்லை என்றதும் முகத்தில் ஒரு வாட்டம். மனிதருக்குச் சமையல் பிடித்துவிட்டது. நான் எழுந்து நடந்தாலும் அடுப்படியை முழுதாகத் திருப்பித் தருவாரா என்பது சந்தேகம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஜூலை 2, செவ்வாய்

வந்துவிட்டது. மூன்று தரம் படித்தேன். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"பூங்கோதைக்கு. ஆறு நாளா உன் மடலை வச்சுக்கிட்டு இருந்தேன். இவரு கேட்டாரு, யாரு செத்துப் போனான்னு. யாரும் சாகல, ஒருத்தி பொழச்சிருக்கான்னு சொன்னேன்.

அஞ்சு தடவை என்னைக் காப்பாத்துனது தாயமில்ல, நீதான்னு எனக்குத் தெரியும் கேட்டியா. நம்ம கட்டிலுக்கு அடியில பெட்டி அடுக்கியிருக்கும், கட்டை எங்க ஓடும்? எனக்காவ மெனக்கெட்டு பத்து வரி பொய் எழுதுறியேன்னு வாசிச்சு வாசிச்சு சிரிப்பேன். அன்னைக்கு ரெண்டே ரெண்டு சின்ன வரி. தாயம் விழுந்துதோ விழலையோ, எனக்கு அது பெரிசில்ல. பொய் சொல்லக்கூட நான் வேண்டாம்னு ஆயிட்டேனேன்னு இருந்துது.

கல்யாண விஷயத்தை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குப் பயம். அதான் மடல்ல போட்டேன். அது என் தப்பு. நீ அறைக்கு வந்து சண்டை போடுவேன்னு பார்த்தேன். சாப்பிட்டியான்னு கேட்டே. மாட்டுத்தாவணியில வச்சாவது ஒரு வார்த்தை சொல்லுவேன்னு பார்த்தேன். தண்ணி பாட்டில் தந்தே. போகாதேன்னு நீ சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பேன். ஆனா போய்ச் சேர்ந்த அன்னைக்கே உனக்கு எழுதியிருப்பேன்.

வெண்ணி எனக்குள்ளவ. அவ செத்தாளா இல்லையான்னு நான்தான் சொல்லணும். கீழே இருக்கது 387. சோலையப்பன் சாருக்கும் அனுப்பியாச்சு. என் நம்பரும் போட்டிருக்கேன். ஜெபக்கனி."

387 இது:

"வெண்ணி ஆற்றில் விழுந்தாள். மற்ற ஆறுகள் என்றால் அவளைக் கடலுக்குக் கொண்டுபோயிருக்கும். இது மலையேறும் ஆறு. அவளை மேலே மேலே தூக்கிக்கொண்டுபோய் அக்கரையில் ஒரு பாறைமேல் வைத்தது. நெஞ்சில் உயிர் இருந்தது. இருமித் தண்ணீரைத் துப்பிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். தூரத்தில் இக்கரையில் செம்பி நிற்பது தெரிந்தது. தன் பெயரைச் சொல்லிச் செம்பி ஒரு குரல் கொடுத்தால் போதும், நீந்திப் போய்விடலாம் என்று வெண்ணி காத்திருந்தாள். செம்பி கூப்பிடவில்லை. வெயில் தாழ்ந்தது. வெண்ணி ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டு மலைக்கு அந்தப்பக்கம் இறங்கினாள். அங்கே ஓர் ஊர் இருந்தது. நல்ல ஊர்தான். ஆனால் வீடுகளுக்குப் பூட்டே கிடையாது. பேச ஆளில்லாமல் பல வருடம் இருந்தாள். ஒரு மகனைப் பெற்றாள். பேச்சைப் பழகிக்கொண்டாள். இப்போது திரும்பி ஆற்றங்கரைக்கு வந்து நிற்கிறாள். செம்பி அக்கரையில் இன்னும் இருக்கிறாளா என்று கண்ணுக்குத் தெரியவில்லை. இனிச் செம்பியின் முறை."

ஜூலை 3, புதன்

காலையிலிருந்து 388ஐ எழுதிப் பார்க்கிறேன். செம்பி மரத்தில் ஏறுகிறாள். செம்பி தீ மூட்டிப் புகை காட்டுகிறாள். செம்பி தும்பனிடம் அரை மந்திரம் கேட்கிறாள். எல்லாம் அலங்காரம். ஆறு பக்கம் அழித்தேன்.

வீட்டுக்காரர் மதியச் சாப்பாட்டுக்கு வத்தக்குழம்பு வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். "இன்னும் எழுதிட்டா இருக்க? நம்பர் குடுத்திருக்குல்ல அந்தப் பொண்ணு" என்றார்.

மடிக்கணினியை மூடினேன். எண்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். நான்காவது மணியில் எடுத்தாள்.

"யாரு?"

பேசத் திட்டமிட்டதெல்லாம் போய்விட்டது. "ஜெபக்கனி" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு குக்கர் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"சரியா கேக்கல பிள்ளே" என்றாள். "ஆறு பெரிசுல்லா. நல்லா சத்தமா கூப்பிடு."

கூப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் என்றாள். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். நான் மறுபடியும் விழுந்துவிட்டேன் என்று நினைத்து, வீட்டுக்காரர் கரண்டியும் கையுமாக அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். கதவருகே நின்று பார்த்தார். குழம்பு கரண்டியிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் துடைக்கச் சொல்லவில்லை. ஜெபக்கனி, ஜெபக்கனி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அவள், "வாறேன், வாறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.